முகவரிக்குச் சொந்தக்காரர்

(கணினிப் பயன்பாட்டியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'வலைச் செயலியில் பயனர் பதிவும் மின்னஞ்சல் சரிபார்ப்பும்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். இதைப் பேச ஒரு மணி நேரம் வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். நியாயமான சந்தேகம்தான். பெயர், மெயில் ஐடி, பாஸ்வேர்ட் என்று மூன்று கட்டங்கள், கீழே ஒரு பட்டன். அழுத்தினால் ஒரு மெயில் போகும், மெயிலில் ஒரு லிங்க் இருக்கும். இதற்கான கோடு லாராவெல்லில் தயாராகவே வருகிறது. மற்ற ஃபிரேம்வொர்க்குகளுக்கும் யாராவது எழுதி வைத்திருப்பார்கள். எடுத்துப் பொருத்தினால் சாயங்காலத்துக்குள் ஓடிவிடும்.

ஓடும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்தப் படிவத்தை எழுதும்போது நம் மனக்கண்ணில் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள். செயலியை நடத்தும் நாம் ஒருவர், படிவத்தை நிரப்புகிறவர் ஒருவர். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: அந்த மெயில் ஐடிக்குச் சொந்தக்காரர். பெரும்பாலும் நிரப்புகிறவரும் சொந்தக்காரரும் ஒரே ஆளாக இருந்துவிடுவதால், இப்படி ஒருவர் இருப்பதே நமக்கு மறந்துபோகிறது. இருவரும் வேறு வேறு ஆளாக இருக்கும்போது என்னென்ன நடக்கிறது என்பதுதான் என் பேச்சு. போலிக் கணக்கைத் தடுக்க, நாளைக்கு விளம்பரம் அனுப்ப, ஆகமொத்தம் நம் வசதிக்காகத்தான் சரிபார்ப்பு மெயில் போகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். நான் அதை அந்த மூன்றாவது ஆளிடம் கேட்கும் அனுமதியாகப் பார்க்கிறேன். அப்படிப் பார்க்கத் தொடங்கினால் நிரலையே வேறு மாதிரி எழுத வேண்டிவரும்.

இந்த அனுமதியைக் கேட்காமல் விட்டதால் என்ன ஆனது என்பதற்கு 2015இல் ஒரு பெரிய உதாரணம் கிடைத்தது. கனடாவின் டொரான்டோவிலிருந்து ஒரு நிறுவனம் ஆஷ்லி மேடிசன் என்ற தளத்தை நடத்திக்கொண்டிருந்தது. திருமணமானவர்கள் ரகசியத் தொடர்பு தேடும் தளம். அது என்ன தொழில் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த ஆண்டு ஜூலையில், தங்களை இம்பாக்ட் டீம் என்று அழைத்துக்கொண்ட சிலர் அதன் டேட்டாபேஸைத் திருடினார்கள். ஆகஸ்டில் அதை ஊரறிய இணையத்தில் கொட்டினார்கள். ஏறக்குறைய 3.6 கோடிக் கணக்குகள். அரசு அலுவலர்கள், பேராசிரியர்கள், அரசியல்வாதிகள் என்று யார் யாருடைய மெயில் ஐடி இருக்கிறதென்று ஊடகங்கள் தேடித் தேடி எழுதின. குடும்பங்களில் சண்டை வந்தது. மிரட்டிப் பணம் கேட்கும் கூட்டமும் கிளம்பியது.

அந்தத் தளம் மெயில் ஐடியைக் கட்டாயமாகக் கேட்டது. ஆனால் அது கொடுத்தவருடையதுதானா என்று சரிபார்க்கவில்லை. உங்கள் மெயில் ஐடியைப் போட்டு நான் கணக்குத் தொடங்கியிருக்கலாம். விளையாட்டுக்குச் செய்திருக்கலாம், பகையில் செய்திருக்கலாம். திருட்டுப் பட்டியலில் உங்கள் பெயர்தான் இருக்கும். கனடாவின் தனியுரிமை ஆணையரும் ஆஸ்திரேலியாவின் தனியுரிமை ஆணையரும் சேர்ந்து விசாரித்து 2016 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டார்கள். சரிபார்க்காமல் விட்டதற்கு அந்த நிறுவனம் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். சரிபார்ப்பு இல்லாவிட்டால் ஒரு பயனர் மாட்டிக்கொள்ளும்போது 'அது நான் இல்லை, யாரோ என் ஐடியைப் போட்டிருக்கிறார்கள்' என்று சொல்லித் தப்பிக்க வழியிருக்குமாம். ஆணையர்கள் இதை ஏற்கவில்லை. உங்கள் வாடிக்கையாளர் தப்பிக்க ஒரு வழி வைத்திருக்கிறீர்கள், அந்த வழியின் செலவைத் தளத்தின் பக்கமே வராத ஒருவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். தனிநபர் தரவு துல்லியமாக இருக்க வேண்டும் என்ற சட்ட விதியை நிறுவனம் மீறியதாகவே முடிவு செய்தார்கள். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் துல்லியம் பற்றிய கடமை இருக்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிட்டு நகர்கிறேன்.

பகை, விஷமம் எல்லாம் இல்லாமலே இது நடக்கும். நம் ஊரில் நடப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலும் பெயரும்தான். எஸ். குமார், ஆர். லட்சுமி, கே. செந்தில் என்று எத்தனை ஆயிரம் பேர்! அதில் யாரோ ஒருவர் முதலில் போய்த் தன் பெயரிலேயே ஜிமெயில் ஐடி வாங்கிவிட்டார். அடுத்து வந்தவர்களுக்குப் பெயரோடு எண் சேர்ந்தது, பிறந்த வருடம் சேர்ந்தது. அவசரமாகப் படிவம் நிரப்பும்போது அந்த எண்ணை விட்டுவிடுகிறார்கள். முதலில் வந்த குமாருக்கு, முன்பின் தெரியாத குமார்களின் ரயில் டிக்கெட், காப்பீட்டுப் பிரீமிய நினைவூட்டல், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் வந்து விழுகின்றன. இதில் இன்னொரு சங்கதி. ஜிமெயிலில் புள்ளிக்கு மதிப்பில்லை. எஸ் புள்ளி குமார் என்று போட்டாலும் எஸ்குமார் என்று சேர்த்துப் போட்டாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். ஆனால் உங்கள் டேட்டாபேஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு முகவரிகள். அங்கே இரண்டு கணக்குகள் இருக்கும், கடிதங்கள் எல்லாம் ஒரே ஆளுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அப்படியென்றால் ஐடி சரியா என்று படிவத்திலேயே பார்த்துவிடலாமே என்று ரெகுலர் எக்ஸ்பிரஷனோடு சிலர் கிளம்புவார்கள். எனக்கு இதில் பொறுமை குறைவு. முகவரியின் இலக்கணம் சரியாக இருப்பதற்கும் அது இவருடையது என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தவிர, நீங்கள் எழுதும் எக்ஸ்பிரஷன் நல்ல முகவரிகளைத்தான் முதலில் கொல்லும். கூட்டல் குறி உள்ள முகவரி சட்டப்படி செல்லும், ஆனால் எத்தனையோ படிவங்கள் அதைத் துரத்துகின்றன. முழுக்கத் தமிழிலேயே மெயில் ஐடி வைத்துக்கொள்ள 2012இலேயே தரம் வகுத்தாகிவிட்டது. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே மேல்நிலை டொமைன்களாக இருக்கின்றன. அப்படி ஒரு முகவரியோடு ஒருவர் வந்தால் தமிழ்நாட்டில் எழுதிய படிவங்களே அவரைத் திருப்பி அனுப்பும். 'அட்' குறி ஒன்று இருக்கிறதா, அதன் இருபக்கமும் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மிச்சத்தை அனுப்பும் கடிதம் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கடிதம் எதைத்தான் நிரூபிக்கிறது? ஒரு ரகசியத்தை ஒரு பெட்டிக்கு அனுப்பினோம். அந்தப் பெட்டியைத் திறந்து படிக்க முடிந்த யாரோ ஒருவர் அந்த ரகசியத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். அவர் யார் என்று தெரியாது. நாளைக்கும் அந்தப் பெட்டி அவரிடமே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2013இல் யாஹூ ஒரு முடிவெடுத்தது. ஒரு வருடத்துக்கு மேல் யாரும் தொடாமல் கிடக்கும் ஐடிகளைப் புதியவர்களுக்குக் கொடுத்துவிடுவது என்று அறிவித்தது. நல்ல பெயர் கிடைத்ததென்று வாங்கியவர்களுக்குப் பழைய சொந்தக்காரரின் கடிதங்கள் வரத் தொடங்கின. வேறு தளங்களில் பழையவர் வைத்திருந்த கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் வழியும் அவர்கள் கைக்கு வந்தது. இதற்குப் பரிகாரமாக 2014இல் ஆர்எஃப்சி 7293 என்ற தரம் வந்தது. எழுதியவர்களில் ஒருவர் யாஹூக்காரர், மற்றவர் ஃபேஸ்புக்காரர். 'இந்தத் தேதியிலிருந்து இந்த ஐடி ஒரே ஆளிடம் இருந்தால் மட்டும் இந்தக் கடிதத்தைக் கொடு' என்று கடிதத்தின் தலைப்பிலேயே எழுத அது வழி செய்கிறது.

அந்தத் தரத்தைப் பெரும்பாலோர் பயன்படுத்துவதில்லை. ஆனால் அதிலுள்ள யோசனை உங்களுக்கு வேண்டும். அந்தத் 'தேதியிலிருந்து' என்பதைச் சொல்ல உங்களிடம் முதலில் ஒரு தேதி இருக்க வேண்டுமே! சரிபார்த்தாயிற்றா என்பதற்கு டேபிளில் ஆமாம், இல்லை என்று ஒரு பூலியன் பத்தியை வைக்கிறோம். அங்கே நேரத்தை வையுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்குச் சரிபார்த்தோம் என்று. அது காலியாக இருந்தால் இன்னும் சரிபார்க்கவில்லை என்று பொருள். ஐந்து வருடம் எட்டிப் பார்க்காத கணக்குக்குத் திடீரென்று பாஸ்வேர்ட் மாற்றும் கோரிக்கை வந்தால், அந்தப் பழைய தேதி உங்களை ஒரு நிமிடம் யோசிக்க வைக்கும். செல்போன் எண்ணிலும் இதே கதைதான். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது நம் நாட்டு நடைமுறை. ஓடிபி அனுப்பிவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட முடியாது.

இனி கோடுக்கு வருகிறேன். வழக்கமான வரிசை உங்களுக்குத் தெரியும். ஐடியும் பாஸ்வேர்டும் ஒரே படிவத்தில் வாங்குகிறோம், யூசர் டேபிளில் ஒரு வரி எழுதுகிறோம், பிறகு மெயில் அனுப்புகிறோம். 'இன்னும் சரிபார்க்கவில்லை' என்ற குறியோடு அந்த வரி உட்கார்ந்திருக்கும். பல தளங்கள் அந்த நிலையிலேயே உள்ளே விட்டுவிடும், சரிபார்ப்பைச் சாவகாசமாகச் செய்துகொள்ளலாம் என்று.

இந்தச் சாவகாசம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அவினாஷ் சுதோதனன், ஆண்ட்ரூ பாவர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். ஒரு பிரபலமான தளத்தில் உங்களுக்கு இன்னும் கணக்கில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் போய் உங்கள் மெயில் ஐடியையும் என் பாஸ்வேர்டையும் போட்டுக் கணக்குத் தொடங்குகிறேன். உங்களுக்கு ஒரு சரிபார்ப்பு மெயில் வருகிறது. ஏதோ குப்பை என்று விட்டுவிடுகிறீர்கள். ஆறு மாதம் கழித்து நீங்களே அந்தத் தளத்துக்குப் போய் 'கூகுள் வழியாக உள்நுழைக' என்பதை அழுத்துகிறீர்கள். இதே ஐடியில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறதே என்று தளம் இரண்டையும் இணைத்துவிடுகிறது. நீங்கள் கோப்புகளைப் போடுகிறீர்கள், கார்டு விவரத்தைச் சேர்க்கிறீர்கள். என் பாஸ்வேர்ட் இன்னும் வேலை செய்கிறது. நீங்கள் வீடு வாங்கும் முன்பே பூட்டுக்கு ஒரு மாற்றுச் சாவி செய்து பையில் போட்டுக்கொண்டவன் நான். இதன் வேறு வடிவங்களையும் அவர்கள் விவரித்திருக்கிறார்கள். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் என் பழைய லாகின் செஷன் சாகாமல் கிடப்பது அதில் ஒன்று. அவர்கள் பார்த்தது 75 புகழ்பெற்ற சேவைகள். அதில் 35க்குக் குறையாத சேவைகள் ஏதாவது ஒரு வடிவத்துக்கு இடம் கொடுத்தன. சிறு கம்பெனிகள் மட்டும் அகப்பட்டன என்று நினைக்காதீர்கள். அந்தப் பட்டியலில் டிராப்பாக்ஸும் இன்ஸ்டாகிராமும் இருந்தன.

ஆகவே என் பரிந்துரை, வரிசையை மாற்றுங்கள். முதலில் மெயில் ஐடியை மட்டும் வாங்குங்கள். யூசர் டேபிளைத் தொடாதீர்கள். காத்திருப்பவர்களுக்கென்று ஒரு தனி டேபிளில் ஐடி, லிங்க்கில் போகும் ரகசியமான டோக்கனின் ஹேஷ், காலாவதி நேரம் மூன்றையும் எழுதிவிட்டு மெயிலை அனுப்புங்கள். லிங்க் வழியாகத் திரும்பி வந்தவரிடம்தான் பெயரும் பாஸ்வேர்டும் கேட்க வேண்டும். கணக்கு அப்போதுதான் பிறக்கிறது. முன்கூட்டியே பாஸ்வேர்ட் வைக்க யாருக்கும் வழியில்லை. காத்திருப்பு டேபிளை ஒரு வாரத்துக்கு ஒருமுறை துடைத்தால், தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் தன் ஐடி கிடக்கும் கொடுமை அந்த மூன்றாவது ஆளுக்கு இல்லை. பதிவு செய்வோர் நடுவில் ஓடிவிடுவார்கள், எண்ணிக்கை குறையும் என்று உங்கள் மார்க்கெட்டிங் நண்பர் சண்டைக்கு வருவார். ஓடுபவர் ஓடட்டும் என்பது என் கட்சி. அவர் கட்சிக்கும் நியாயம் உண்டுதான். சம்பளம் கொடுப்பது யார் என்பதைப் பொறுத்து முடிவாகும்.

டோக்கன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயனர் எண்ணிலிருந்தோ நேரத்திலிருந்தோ அதைத் தயாரிக்கக் கூடாது. குறியாக்கத்துக்கென்றே உள்ள ரேண்டம் மூலத்திலிருந்து குறைந்தது 128 பிட் எடுங்கள். டேபிளில் அதன் ஹேஷ் மட்டும் இருக்கட்டும், டேபிள் திருடு போனாலும் லிங்க் செய்ய முடியாது. ஒருமுறை பயன்பட்டதும் செத்துவிட வேண்டும். லிங்க்கின் முன்பகுதியிலுள்ள தள முகவரியைச் செட்டிங்ஸிலிருந்து எடுங்கள். உள்ளே வரும் வேண்டுகோளின் ஹோஸ்ட் தலைப்பிலிருந்து எடுத்தால், அதில் எவனோ தன் தள முகவரியை எழுதி அனுப்புவான், உங்கள் சர்வரே அவன் வீட்டுக்கு வழிகாட்டும் கடிதத்தை அனுப்பும்.

டோக்கன் எவ்வளவு பலமாக இருந்தாலும் அதை அழுத்துவது மனிதர்தான் என்று நம்புகிறோமே, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கம்பெனிகளும் பல்கலைக்கழகங்களும் தங்கள் மெயில் சர்வருக்கு முன்னால் ஒரு காவல் மென்பொருளை நிறுத்தியிருக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் சேஃப் லிங்க்ஸ் அந்த வகை. கடிதத்தில் லிங்க் இருந்தால் அது நல்ல இடத்துக்குப் போகிறதா என்று இத்தகைய மென்பொருட்கள் முன்கூட்டியே போய்ப் பார்க்கும். அதாவது உங்கள் சரிபார்ப்பு லிங்க்கை ஆளுக்கு முன்பாக இயந்திரம் திறந்துவிடும். திறந்ததும் சரிபார்த்துவிடும்படி நீங்கள் கோடு எழுதியிருந்தால் இரண்டு விபத்துகள். பதிவு செய்தவர் அதே ஆளாக இருந்தால், அவர் அழுத்தும்போது 'இந்த லிங்க் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று வரும். அவர் ஆதரவுக் குழுவைக் கூப்பிட்டுத் திட்டுவார், அது சின்ன விபத்து. பதிவு செய்தவன் வேறு ஆளாக இருந்தால்? சொந்தக்காரர் கடிதத்தைப் பார்க்கவே இல்லை. அவருடைய அலுவலகத்துக் காவல் இயந்திரம் அவர் சார்பில் 'ஆமாம், இது நான்தான்' என்று சொல்லிவிட்டது. நாம் அனுமதி கேட்டோம், வாசல்காவலன் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

இதற்கு மருந்து எச்டிடிபி விதியிலேயே இருக்கிறது. கெட் முறையில் வரும் வேண்டுகோள் எதையும் மாற்றக் கூடாது, காட்ட மட்டும் வேண்டும் என்பது பழைய விதி. லிங்க்கைத் திறந்தால் ஒரு பக்கம் வரட்டும். 'இந்த முகவரியில் கணக்குத் தொடங்கக் கோரியது நீங்கள்தானா?' என்று கேட்கட்டும். 'ஆமாம், தொடர்க' என்று ஒரு பட்டன், 'இது நான் இல்லை' என்று இன்னொன்று. பட்டனை அழுத்தினால் போஸ்ட் முறையில் போய் வேலை நடக்க வேண்டும். பக்கம் திறந்ததும் ஜாவாஸ்கிரிப்ட்டே பட்டனை அழுத்திவிடும்படி சிலர் 'வசதி' செய்து வைக்கிறார்கள். சில காவல் இயந்திரங்கள் ஜாவாஸ்கிரிப்ட்டையும் ஓட்டிப் பார்ப்பவை. வசதி போய் வில்லங்கமாகிவிடும்.

'இது நான் இல்லை' என்ற பட்டன் பெரும்பாலான கடிதங்களில் இருப்பதில்லை. 'நீங்கள் கோரவில்லை என்றால் இதைப் புறக்கணிக்கலாம்' என்று கடைசியில் சின்ன எழுத்தில் போடுவதோடு சரி. புறக்கணித்தால் நம் பக்கம் ஒன்றும் பதிவாகாது, மறுநாளும் அவருக்குக் கடிதம் போகும். அந்தப் பட்டனை அழுத்தினால் காத்திருப்பு வரி உடனே அழிய வேண்டும், அந்த ஐடிக்குக் குறிப்பிட்ட காலம்வரை எதுவும் போகக் கூடாது.

லிங்க்குக்குப் பதிலாக ஆறு இலக்க எண் அனுப்பலாமா என்று கேட்பீர்கள். அனுப்பலாம். எண்ணைக் காவல் இயந்திரம் அழுத்த முடியாது. கம்ப்யூட்டரில் பதிவு செய்து செல்போனில் மெயில் பார்ப்பவருக்கு இதுதான் சௌகரியம். ஆனால் ஆறு இலக்கத்தில் பத்து லட்சம் சாத்தியங்கள்தான். தவறான முயற்சிக்கு வரம்பில்லாவிட்டால் ஒரு நிரல் மதியத்துக்குள் கண்டுபிடித்துவிடும். ஐந்து முறையோடு நிறுத்தினால் யூகம் பலிக்க இரண்டு லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அதோடு, எண்ணை ஏமாற்றிப் பேசி வாங்கிவிடலாம். ஓடிபி கேட்டு வரும் மோசடிப் போன்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, நாம் வாய்தவறிச் சொல்லிவிடும் விஷயம். படிவத்தில் ஒரு ஐடியைப் போட்டதும் 'இந்த முகவரியில் ஏற்கெனவே கணக்கு உள்ளது' என்று சிவப்பெழுத்தில் காட்டுகிறோம். உதவிதான். ஆனால் அந்த உதவி கேட்கிற எல்லாருக்கும் கிடைக்கிறது. மனைவி கணவனின் ஐடியைப் போட்டுப் பார்க்கலாம், மேலாளர் ஊழியரின் ஐடியைப் போட்டுப் பார்க்கலாம். மளிகைக் கடைச் செயலியில் இது பெரிய விஷயமில்லை. மனநல ஆலோசனைச் செயலியிலோ வேலை தேடும் தளத்திலோ பெரிய விஷயம். மெயிலின் ஆதி காலத்திலேயே இந்தப் பாடம் படித்தாயிற்று. 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி வரையறையில், இந்தப் பெயரில் பெட்டி உண்டா என்று சர்வரிடமே கேட்க ஒரு கட்டளை இருந்தது. நல்லெண்ணத்தில் வைத்த கட்டளை. ஸ்பேம் அனுப்புகிறவர்கள் அதை வைத்தே முகவரி அறுவடை செய்ததால் சர்வர் நிர்வாகிகள் அதை அடைத்து வைத்தார்கள். நாம் அதே கதவைப் பதிவுப் படிவத்தில் திறந்து வைக்கிறோம்.

ஆஷ்லி மேடிசனிலும் இந்த ஓட்டை இருந்ததை, பட்டியல் வெளியாகும் முன்பே 2015 ஜூலையில் ட்ராய் ஹன்ட் என்ற பாதுகாப்பு வல்லுநர் சுட்டிக்காட்டினார். பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்கான பக்கத்தில், கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வாசகத்தைத்தான் காட்டினார்கள். அந்த அளவுக்கு யோசித்திருந்தார்கள். ஆனால் பக்கத்தின் தோற்றம் இரண்டுக்கும் வேறு. பார்த்ததுமே சொல்லிவிடலாம். நீங்கள் செய்யும்போது வாசகம், பக்கம், பதில் வர ஆகும் நேரம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். 'உங்கள் பெட்டியைப் பாருங்கள்' என்று எல்லாருக்கும் சொல்லுங்கள். கணக்கு இல்லாதவருக்குச் சரிபார்ப்புக் கடிதம் போகட்டும். இருப்பவருக்கு 'உங்களுக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கிறது, உள்நுழைய இங்கே' என்ற கடிதம் போகட்டும். உண்மை பெட்டிக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியும். மெயில் அனுப்புவதைக் கியூவில் போட்டுவிட்டு உடனே பதில் கொடுத்தால் நேர வித்தியாசமும் மறையும்.

இவ்வளவும் செய்த பிறகும் உங்கள் படிவம் ஒரு ஆயுதமாகலாம். 2016 ஆகஸ்டில் அமெரிக்க அரசு மெயில் ஐடிகள் பலவற்றைக் குறிவைத்து ஒரு தாக்குதல் நடந்தது. பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளரின் பெட்டியும் நிரம்பி வழிந்தது. தாக்கியவர்கள் ஒரு கடிதம்கூடத் தாங்களாக அனுப்பவில்லை. இணையத்தில் கிடக்கும் ஏராளமான பதிவுப் படிவங்களில் நிரல் வைத்து அந்த ஐடிகளை நிரப்பினார்கள், அவ்வளவுதான். ஒழுங்கான நிறுவனங்களே கடிதம் கடிதமாக அனுப்பித் தள்ளின. ஒரே ஐடிக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை கடிதம் போகலாம், ஒரே இடத்திலிருந்து எத்தனை பதிவு வரலாம் என்ற வரம்பு இதனால்தான் வேண்டும்.

இன்னொரு தந்திரத்தையும் காட்டுகிறேன். உங்கள் கடிதம் 'வணக்கம்' என்று தொடங்கி அடுத்துப் பயனரின் பெயரைப் போடும். பெயர்க் கட்டத்தில் ஸ்பேம்காரன் தன் பெயரை எழுதுவதில்லை. 'உங்களுக்கு ஒரு லட்சம் பரிசு, பெற இங்கே வாருங்கள்' என்று எழுதிப் பக்கத்தில் தன் தள முகவரியையும் போடுகிறான். மெயில் ஐடி கட்டத்தில், அவன் ஏமாற்ற நினைக்கும் ஆளின் ஐடி. உங்கள் நிறுவனத்தின் சின்னத்தோடு, உங்கள் சர்வரிலிருந்து, 'வணக்கம் உங்களுக்கு ஒரு லட்சம் பரிசு' என்று கடிதம் போய்ச் சேரும். உங்கள் சர்வர் இடும் கையொப்பம் சரியாக இருப்பதால் ஸ்பேம் வடிகட்டியும் அதை விட்டுவிடும். முன்னால் சொன்ன வரிசைப்படி, பெயரையே சரிபார்ப்புக்குப் பிறகு வாங்கினால் இந்தத் தந்திரத்துக்கு இடமே இல்லை. எனக்கு அந்த வரிசை பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கடிதம் போய்ச் சேருவதைப் பற்றி ஒரு வார்த்தை. கடிதம் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகள் மூன்றையும் டிஎன்எஸ்ஸில் ஒழுங்காக எழுதுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து, நாளொன்றுக்கு 5000 கடிதத்துக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களிடம் இவை மூன்றையும் கூகுள் கட்டாயமாகக் கேட்கிறது. பெறுகிறவர்கள் ஸ்பேம் என்று புகார் செய்யும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த ஸ்பேம் பட்டனை யார் அழுத்துவார்கள் என்று நினைக்கிறீர்கள்? கேட்காமல் கடிதம் பெறும் நம் மூன்றாவது ஆள்தான். அவரை மதிக்காவிட்டால், உண்மையில் பதிவு செய்தவருக்கும் உங்கள் கடிதம் போய்ச் சேராது.

பாஸ்வேர்ட் சேமிப்பு தனிப் பேச்சுக்கு உரியது. 2009இல் ராக்யூ என்ற நிறுவனம் 3.2 கோடி பாஸ்வேர்டுகளை அப்படியே எழுத்தாக வைத்திருந்து பறிகொடுத்தது. 2012இல் லிங்க்ட்இன் ஹேஷ் செய்திருந்தும் சால்ட் சேர்க்காததால் மாட்டிக்கொண்டது. ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட் பயன்படுத்துங்கள், சொந்தமாக எதையும் கண்டுபிடிக்காதீர்கள். இப்போதைக்கு இது போதும்.

கடைசியாக, இந்தச் சரிபார்ப்பு முறைகளை வகுத்தவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லாத ஒரு நிலைமை. நம் ஊர் பிரவுசிங் சென்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் கல்லூரி விண்ணப்பம் போட வருகிறாள். கூட அப்பா. இருவருக்கும் மெயில் ஐடி இல்லை, அல்லது இருந்தும் பாஸ்வேர்ட் நினைவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. சென்டர்காரர், 'இருக்கட்டும்மா, நம்ம ஐடியே போட்டுக்கலாம்' என்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, வேலை நடக்க வேண்டும். சரிபார்ப்புக் கடிதம் அவர் பெட்டிக்கு வருகிறது, அவரே அழுத்துகிறார். நம் கணக்கில் எல்லாம் சுத்தம். டோக்கன் சரி, நேரம் சரி, பட்டனை அழுத்தியதும் மனிதர்தான்.

ஒரு ஐடிக்கு ஒரே கணக்கு என்று நீங்கள் விதி வைத்திருந்தால், அவர் அந்தப் பெண்ணின் பெயரில் அங்கேயே ஒரு புது ஜிமெயில் தொடங்குவார். அதன் பாஸ்வேர்ட் சென்டரின் நீள நோட்டில் ஏறும். பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான். அழைப்புக் கடிதம், கட்டண ரசீது, பாஸ்வேர்ட் மாற்றும் லிங்க் எல்லாம் போய்ச் சேர்வது அந்த நோட்டை வைத்திருப்பவருக்கு. சென்டர் இடம் மாறினால், நோட்டு தொலைந்தால், அவள் கணக்கு அவளுக்கு இல்லை. இங்கே பெட்டிக்குச் சொந்தக்காரரின் அனுமதி கிடைத்துவிட்டது. வெளியே நிற்பது கணக்குக்குச் சொந்தக்காரி.

டோக்கனை எத்தனை பிட் ஆக்கினாலும் இது தீராது. பொதுமக்களுக்கான செயலி எழுதுகிறவர்கள் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்: இந்த மெயில் ஐடி யாருடையது? என்னுடையது, குடும்பத்தினருடையது, எனக்கு உதவுகிறவருடையது. மூன்றாவதைச் சொன்னால் திட்டாதீர்கள், தடுக்காதீர்கள். தடுத்தால் பொய் சொல்வார்கள். அந்த ஐடியைத் தகவல் அனுப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பாஸ்வேர்ட் மாற்றும் உரிமையை அதற்குக் கொடுக்காதீர்கள். ஒரே ஐடி பல விண்ணப்பங்களுக்கு வர இடம் கொடுங்கள். பிற்பாடு அவள் தன் சொந்த ஐடியோடு வரும்போது, பழைய பெட்டியைத் திறந்து காட்டு என்று கேட்காமல், விண்ணப்ப எண்ணும் அடையாள அட்டையும் வைத்து நேரில் மாற்றிக்கொள்ள ஒரு கவுன்டர் இருக்கட்டும். மாற்றியதும் பழைய ஐடிக்கு ஒரு வரி போகட்டும், அந்த ஐடியில் திறந்திருந்த செஷன்கள் எல்லாம் மூடட்டும். இதற்குத் தேவை டேபிளில் ஒரு கூடுதல் பத்தியும், கவுன்டரில் உட்கார ஒரு ஆளும். பத்தியை நீங்கள் சேர்த்துவிடுவீர்கள். ஆளைப் போடச் சொல்லி நிர்வாகத்திடம் வாதாடுவதுதான் கஷ்டம். அதற்கு எந்த ஃபிரேம்வொர்க்கிலும் கோடு கிடையாது.